தெற்கறை எலிகள்

முதல்வர் செல்வின் துரைராஜ் கையில் ஏழெட்டுத் தாள் இருந்தது. அரைமணி நேரமாகப் பேசுகிறார், இரண்டு தாள்தான் புரண்டிருக்கிறது. படிடா, படி, நல்லாப் படி, என்று மேடையின் நடு நாற்காலியில் இருந்த டாக்டர் ஆவுடையம்மாள் மனசுக்குள் கறுவினாள். ஐம்பத்தாறு வயசில், ஒரு மருத்துவக் கல்லூரி முதல்வரை, அதுவும் தனக்குப் பாராட்டு விழா எடுக்கிற மனுஷனை, டா போட்டுத் திட்டுகிறோமே என்று வெட்கம்கூட வரவில்லை. அவ்வளவு கோபம். பட்டுப்புடவை கழுத்தோரம் குத்தியது, ஃபேன் காற்று முழுக்கத் தாளாளர் தலைக்கு மேலேயே சுற்றியது, எதிரே முந்நூறு மாணவர்களை வருகைப்பதிவு போட்டுப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். எதற்கு? பத்தொன்பது வருஷம் எலிகளோடு மல்லுக்கட்டி அவள் கண்டுபிடித்த எழுபத்தொன்றாம் நம்பர் மருந்துக்காக. அந்த மருந்து வேலை செய்யவில்லை. இன்று காலை ஆறரை மணியிலிருந்து அது அவளுக்குத் தெரியும், அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை இதே கல்லூரியின் பச்சிளம் குழந்தைகள் வார்டில் குறைமாதத்தில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கு அதை ஊசியில் ஏற்றப் போகிறார்கள், ஊசி நுரையீரலைக் காப்பாற்றும் என்கிற தைரியத்தில் ஆக்ஸிஜனையும் தாராளமாகத் திறந்து விடப் போகிறார்கள். இன்றைக்குச் சனி. நடுவில் ஒரு ஞாயிறு கிடக்கிறது, பார்த்துக்கொள்ளலாம், இறங்கினதும் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள் ஆவுடை, போட்டோ எடுக்கிறான்.

“பிராணவாயுவே நஞ்சாகும் என்று உலகுக்கு உரைத்த நம் கல்லூரியின் மாணிக்கம்!” என்றார் முதல்வர். கைத்தட்டல். மாணிக்கமாம், மாணிக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மனுஷன் தன் அறையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார், “மேடம், ஆளுங்க ஆக்ஸிஜன் கிடைக்காம சாகுறான், நீங்க ஆக்ஸிஜன்ல சாகுறான்னு ஆராய்ச்சி பண்றீங்க, வெளிய சொன்னா சிரிப்பாங்க.” வெளியே எதற்குச் சொல்ல வேண்டும், உள்ளேயே எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வகுப்பில் வருஷா வருஷம் சொல்லுகிறாள், நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், வெறும் ஆக்ஸிஜனை மட்டும் நிறுத்தாமல் கொடுத்தால் அதே நுரையீரலைப் புண்ணாக்கும், நீர் கோர்க்கும், எலி மூன்றாம் நாள் மூச்சுத் திணறிச் சாகும், குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் ரத்தக்குழாய் கண்டபடி வளர்ந்து பார்வையையே எடுத்துவிடும், ஆகவே அளந்து கொடுங்கள், குறைத்துக் கொடுங்கள், மீட்டரைப் பார்த்துக் கொடுங்கள். குறை என்று சொன்ன பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தன் ஒரு பூங்கொத்து கொடுத்ததில்லை. கூட்டினாலும் பரவாயில்லை, இந்த ஊசியைப் போட்டுக்கொள் என்று சொன்ன ஆறாவது மாதம் மேடை, மாலை, வெள்ளித் தட்டு. குறைக்கச் சொல்கிறவளை யாருக்கும் பிடிக்காது, வீட்டில் உப்பைக் குறை என்றால் பிடிக்கிறதா? கூட்ட வழி சொன்னால் மாணிக்கம். அந்த வழியும் பொய்யாகப் போயிற்றே என்று நினைத்ததும் மறுபடியும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இசக்கிமுத்துவை என்ன செய்தால் தகும்? எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன், பதினோரு வருஷமாக இருக்கிறான், லீவு போடத் தெரியாதவன், எலிக்கு வைக்கிற கொண்டைக்கடலையில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள மாட்டான். விழா நாளாச்சே, முதல் இனிப்பு அவனுக்குத்தான் என்று கால் கிலோ அல்வாவைத் தூக்கிக்கொண்டு விடிந்தும் விடியாமல் போனாள் பாருங்கள், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எலிக்கூடத்துக்கு அவள் ஒருநாளும் பத்து மணிக்கு முன்னால் போனதில்லை, ஐந்து மணிக்குப் பிறகு அங்கே நின்றதுமில்லை. தெற்கறைக் கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை. அறைக்குள் ஆக்ஸிஜன் குழாய், கண்ணாடிப் பெட்டிக்குள் எலிகள், சுவரில் முருகன் காலண்டர், காலண்டருக்கு முன்னால் தட்டில் கற்பூரம் நின்று எரிகிறது. “ஏய் இசக்கி! வெடிச்சுச் சாகப் போறியா? ஆக்ஸிஜன் ஓடுற அறையில நெருப்பா?” என்று கத்தினாள். அவனானால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிதானமாகத் திரும்பினான். “என்னம்மா நீங்க, எனக்கு அது தெரியாதா? வால்வை மூடிட்டுல்லா ஏத்துதேன். பாருங்க, பெட்டி மூடியெல்லாம் தொறந்து வச்சிருக்கேன். நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டிருக்கிய, நெருப்புக்கு முன்னால அரைமணி நேரம் காத்தாட விடணும், அணைச்ச பொறவும் அரைமணி நேரம் விடணும்னு. ஒரு நிமிஷம் கொறைக்க மாட்டேன்.” தினமுமா? “தினமும் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. சாவுற உசுரு இருக்கிற இடம்லா, விளக்கு வைக்காம எப்படிம்மா விடுதது?” அவன் முகத்தில் அத்தனை பெருமை. அல்வாப் பொட்டலத்தை இடது கைக்கும் வலது கைக்குமாக அவள் மாற்றிக்கொண்டே நின்றாள்.

மூடிட்டுல்லா ஏத்துதேன். காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. மூடிவிட்டுத்தான் ஏற்றியிருக்கிறான், மகராசன். தினமும் இரண்டு தடவை, தடவைக்கு ஒருமணி நேரத்துக்கு மேல், தெற்கறை எலிகள் சாதாரணக் காற்றை இழுத்து மூச்சாற்றிக்கொண்டு மறுபடியும் ஆக்ஸிஜனுக்குள் போயிருக்கின்றன. இடையில் இப்படிக் காற்று விட்டால் நுரையீரல் தேறிக்கொள்ளும், கூடுதல் நாள் தாங்கும், இது புது விஷயமா? கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டி அவளே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம். மருந்து போட்ட எலிகள் தெற்கறை. மருந்து போடாமல் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலிகள் வடக்கறை. வடக்கறை எலிகள் மூன்றாம் நாள் செத்தன, தெற்கறை எலிகள் ஆறாம் நாளும் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, மருந்து ஜெயித்தது என்று அவள் குதித்தாள், அந்த வயசில் எலிக்கூட வராந்தாவில் நிஜமாகவே குதித்தாள், இசக்கிமுத்துவும் கூடச் சிரித்தான். காலையில் கேட்டாள், வடக்கறையில் ஏண்டா விளக்கு வைக்கவில்லை? அவனிடம் அதற்கும் பதில் இருந்தது. “அங்க சுவரு ஒரே ஓதம்மா, ஈரத்துல ஆணி நிக்க மாட்டேங்கு. சாமி படத்தைத் தரையிலயா வைக்க?” ஆணி! ஒரு ஆணி நிற்காததால் ஒரு மருந்து நிலைத்து நின்றுவிட்டது. பத்திரிகையில் வந்தது, மேல்நாட்டுக்காரன் கடிதம் போட்டான், தாளாளர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார், எல்லாம் அந்த ஆணி. மீட்டரைப் பார்த்து எழுதுகிற பெண் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் வந்து எழுதினாள், அந்த நேரத்தில் அளவு கனகச்சிதமாக இருந்தது, இசக்கி ஆறு மணிக்காரன். அவனைப் போய் அறைய வேண்டும்போல் கை துடிக்கிறது. ஆனால் என்னவென்று சொல்லி அறைவாள்? போர்டில் எழுதினது யார் கையெழுத்து? அவள் கையெழுத்து. சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு.

சரி, இசக்கியை விடு. மூன்று தடவை சோதனையைத் திரும்பச் செய்தாயே ஆவுடை, மூன்று தடவையும் அதே அறை ஏன்? இரண்டாவது தடவை தெற்கறை எலியை வடக்கே வை, வடக்கறை எலியைத் தெற்கே வை, இடத்தை மாற்றிப் பார், ஆராய்ச்சிக்குச் சேருகிற பிள்ளைக்கு முதல் வாரம் சொல்லித் தருகிறது இதைத்தானே. நோட்டில் எழுதியும் வைத்தாள், அறை மாற்றவும் என்று. எழுதியதை அவளே அடித்தாள். பெட்டியை நகர்த்தினால் ஓரமெல்லாம் கசியும், மறுபடி பசை போட்டு அடைக்க இரண்டு நாளாகும், மாநாட்டுக்குத் தேதி நெருங்கிவிட்டது, அதெல்லாம் ஒன்றும் வித்தியாசம் வராது, இவ்வளவு வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியாதா. தெரியாது! உனக்கு ஒரு மண்ணும் தெரியாது! இரண்டு நாள் சோம்பல்தானே ஆவுடை, அதை வித்துத்தானே இந்த நாற்காலி வாங்கினாய். கீழே முதல் வரிசையில் டாக்டர் ஹசீனா பர்வீன் இருந்தாள், பச்சிளம் குழந்தைகள் வார்டின் தலைமை டாக்டர், அவளுந்தான் கைத்தட்டுகிறாள். அந்தப் பெண் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை அறைக்கு வந்து கேட்டாள், மேடம், ஆக்ஸிஜனைக் கூட்ட எனக்குப் பயமா இருக்கு, நிஜமாவே உறுதிதானா என்று. எலி பொய் சொல்லாது டாக்டர், என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னது யார்? அந்தச் சாய்வு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது முதுகு கூசுகிறது. எலி எங்கே பொய் சொன்னது, அது பாட்டுக்கு மூச்சு விட்டது.

முதல்வர் மூன்றாவது தாளைப் புரட்டினார். அக்கா பகவதியின் மகள் நிவேதா ஊரிலிருந்து காலையில் போன் பண்ணியிருந்தாள், சித்தி, விழாவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, கேக்கணும் என்று. பார்க்கணும் என்று சொல்ல மாட்டாள். இருபத்தேழு வயசு, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறாள், ஏழாம் மாதம் பிறந்தவள், ஒரு நர்சிங் ஹோமில் பெட்டிக்குள் வைத்து இருபத்தைந்து நாள் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அளவு பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கிலுகிலுப்பையை நேரே ஆட்டினால் சத்தம் வருகிற பக்கம் காதைத் திருப்புகிறாளே தவிர கண் வரவில்லை என்று அக்காதான் கண்டுபிடித்தாள். ஓடிப் போய்க் கேட்டபோது அங்கே இருந்த நர்ஸ், நல்லா மூச்சு விடட்டும்னுதாம்மா கொஞ்சம் கூடவே வச்சேன், என்று அழுதாள். நல்லதுக்குத்தான். டாக்டர் வெளியே வரவே இல்லை, உள்ளறையில் இருந்துகொண்டே ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னார். அந்த மனுஷன் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் ஆவுடையம்மாளுக்கு ரத்தம் தலைக்கேறும். கெட்டவன் இல்லை, ஏழைக்குக் காசு வாங்காமல் பார்ப்பவன், அது இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பும். தெரியாமல் செய்தான், சரி. தெரிந்த பிறகு ஒரு வார்த்தை வந்து சொன்னானா? அக்கா அவனைக் கேட்க முடியாமல் தன்னையே கேட்டாள், நான் என்ன தின்னேன், எங்கே தடுக்கி விழுந்தேன், ஏன் ஏழிலேயே பெற்றேன் என்று பத்து வருஷம் தன்னையே தின்றாள். அந்தக் கோபத்தில் ஆரம்பித்த ஆராய்ச்சி இது. அந்தக் கோபம்தான் சோறு, அந்தக் கோபம்தான் தூக்கம், கல்யாணமே வேண்டாம் என்று சொன்னதும் அந்தக் கோபம்தான். இப்போது இந்த நாற்காலியில் அந்த உள்ளறை டாக்டர் மாதிரி நீயும் உட்கார்ந்து கமுக்கமாகச் சிரிக்கிறாய், திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு என்கிறாய். தூ, என்று தன்னையே துப்பிக்கொண்டாள்.

ஆனால் மேடையில் எப்படிச் சொல்வது? தாளாளர் பக்கத்தில் இருக்கிறார், பத்திரிகைக்காரன் இரண்டு பேர் இருக்கிறான், முந்நூறு பிள்ளைகள் செல்போனை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு ஹசீனாவுக்கு மட்டும் போன் பண்ணி, சின்னச் சந்தேகம் ஒன்று இருக்கிறது, ஒரு மாதம் தள்ளிப் போடலாம் என்றால் முடிந்தது. சந்தேகம் என்று சொன்னால் போதுமே, கற்பூரம் ஆணி எல்லாம் எதற்கு? ஒரு மாதத்தில் அறையை மாற்றிச் சோதனையைத் திரும்பச் செய்யலாம், ஒருவேளை மருந்தும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம், யார் கண்டது, காற்று பாதி மருந்து பாதியாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், கண்டாய் ஆவுடை, வருகிறது பார் வழவழவென்று, இத்தனை வருஷம் எத்தனை பேர் வாயில் இந்த இருக்கலாமைக் கேட்டு எரிந்து விழுந்திருக்கிறாய். முழுசாகச் சொன்னால் இசக்கிக்கு வேலை போகும், அவன் பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். ஆஹா, இப்போது இசக்கி மேல் கரிசனம் வந்துவிட்டது, காலையில் அறையத் துடித்த கைக்கு. அவனுக்கு ஒன்றும் ஆகவிடாமல் பார்க்க உனக்குத் தெரியாதா? உன் நாற்காலிதான் போகும், அதைச் சொல். நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை போன். அது போதும். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

“இப்போது ஓர் இன்ப அதிர்ச்சி,” என்றார் முதல்வர், தாளைக் கீழே வைத்துவிட்டு. “திங்கட்கிழமை அஷ்டமி. நல்ல காரியத்தை அஷ்டமியில் தொடங்குவானேன் என்று நம் தாளாளர் அய்யா திருவுளம் கொண்டார். ஆகவே மேடத்துக்குக்கூடச் சொல்லாமல், இன்று காலை எட்டேகால் மணிக்கு, சுபமுகூர்த்தத்தில், நம் வார்டில் மூன்று சிசுக்களுக்கு முதல் ஊசி போடப்பட்டுவிட்டது!” அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். தாளாளர் எழுந்து கும்பிட்டார். மணி பதினொன்று பத்து. மூன்று மணி நேரம். ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். பொன்னாடை வாங்கத்தான் எழுகிறாள் என்று நினைத்து யாரோ ஓடிவந்து தோளில் போர்த்தினார்கள். அவள் முதல்வர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். “எலி பிழைச்சது மருந்தால இல்ல,” என்றாள். “இசக்கிமுத்து காத்தாட விட்டதால பிழைச்சுது.” பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான், மறுபடியும் கைத்தட்டல். “ஆகா, கடைநிலை ஊழியருக்கும் பெருமை சேர்க்கும் தன்னடக்கம்!” என்று முதல்வர் மைக் இல்லாமலே சொன்னார். வந்ததே கோபம். பத்தொன்பது வருஷக் கோபமும் ஒரே மூச்சில் வந்தது. “கைத்தட்டுறதை நிறுத்துங்க! அறிவு கெட்டவங்களா, நிறுத்துங்க! சோதனை தப்பு. தப்பு பண்ணினது நான். அந்த மருந்து நுரையீரலைக் காப்பாத்தாது. ஹசீனா, ஆக்ஸிஜனை எவ்வளவுல வச்சிருக்க?” முதல் வரிசையில் ஹசீனா எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. “எண்பது பெர்சென்ட், மேடம்.” சொல்லி முடிக்குமுன் அவள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் மைக்கை மேசைமேல் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். யாரோ “மேடம், மேடம்” என்று கையைப் பிடித்தார்கள், உதறினாள்.

வார்டு முதல் மாடியில். படியேறும்போது புடவை காலில் சிக்கியது, போகட்டும். உள்ளே மூன்று பெட்டிகள், மூன்றிலும் கையகல உயிர்கள். ஹசீனா முதல் பெட்டியின் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டுக் குழந்தையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுபது, அறுபது, ஐம்பது. குழந்தை நிறம் மாறவில்லை. நாற்பது. “தாங்குது மேடம்,” என்றாள். “இதுக்கு இவ்வளவு தேவையே இல்ல. காலையில நானே திறந்துவிட்டேன். நீங்க எலி பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களேன்னு.” ஆவுடையம்மாள் அடுத்த பெட்டியைக் கை காட்டினாள். இரண்டாவது, மூன்றாவது பெட்டியும் குறைந்தது. மூன்று மணி நேரத்தில் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். கண்ணைச் சோதிக்க இன்னும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நர்ஸ் மெர்லின் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து தயங்கினாள். “டாக்டர், மருந்தை நிறுத்தச் சொன்னது யாருன்னு எழுதணும்.” “ஆவுடையம்மாள்னு எழுது,” என்றாள் அவள். “கொடுக்கச் சொன்னதும் ஆவுடையம்மாள்தான்னு அதுக்குக் கீழேயே எழுது. பேனாவைக் கொடு, கையெழுத்துப் போடுறேன்.” போட்டாள். “இவங்க அம்மாக்கள் எங்க?” வெளிய பெஞ்சுல இருக்காங்க, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன் மேடம், நீங்க போங்க, என்றாள் ஹசீனா. பக்குவமாவாவது ஒண்ணாவது, என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் மூன்று பெண்கள். ஓரமாக இருந்தவளுக்கு இருபது வயசுகூட இருக்காது, நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள், பால் கட்டித் துண்டு நனைந்திருந்தது. அவள்தான் முதலில் எழுந்தாள், கண் நிறையச் சிரிப்போடு. “நீங்கதானாம்மா அந்த மருந்து கண்டுபிடிச்சவுக? சிஸ்டர் சொன்னாவ. எம்பிள்ளையக் காப்பாத்துன சாமி நீங்க” என்று குனிந்து காலைத் தொடப் போனாள். ஆவுடையம்மாள் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து நிமிர்த்தினாள்.

“கும்பிடாதம்மா. உட்காரு. நான் சொல்றதை முழுசாக் கேளு, கேட்டுட்டு வாயில வந்தபடி என்னைத் திட்டு. நான் எங்கயும் போகமாட்டேன், இங்கதான் இருப்பேன்.”